நாயைக் கண்டு அஞ்சும் நாய்

நமது வீட்டில் வீரன் என்று ஒருவன் இருக்கிறான். வயது நான்கு. நிறம், வறுத்த வேர்க்கடலையின் நிறம். "என்ன ஜாதி?" என்று கேட்பவர்களுக்கு, "சாக்ஷாத் சென்னைத் தெருவின் ஜாதி; கலப்படமே கிடையாது" என்று பதில் சொல்லி வருகிறோம். பெயர் வைத்தவள் நமது பேத்தி. அப்பொழுது அவளுக்கு வயது ஐந்து. பெயருக்கும் பெயரைச் சுமப்பவனுக்கும் பொருத்தம் உண்டா என்று ஆலோசிக்கிற வயதல்ல அது.

வீரனுடைய வீரத்துக்கு அத்தாட்சிகள் இல்லாமற் போகவில்லை. காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரையும் கூரியர் பையனையும் நாலாவது மாடியில் இருந்தபடியே விரட்டி விடுவான். ஐப்பசி மாதத்து இடிக்குக் கூட அவன் அசைந்ததில்லை. ஆனால் தெருக்கோடியில் ஒரு நாய் தென்பட்டால் போதும். நாய் என்று சந்தேகிக்கத்தக்க பழஞ்சாக்கு ஒன்று கிடந்தாலும் போதும். நாலு கால்களும் தரையில் வேர் விட்டுவிடும். வால் வயிற்றுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பிறகு, எதிரே உள்ள நாய் இரண்டடி கிட்டே வந்ததும், இதே மகாவீரன் தெருவே அதிரும்படி குரைத்துக்கொண்டு கயிற்றை அறுக்கப் பார்ப்பான். பார்ப்பவர்கள், "பொல்லாத நாய்!" என்பார்கள். பயந்த நாய் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

இந்தப் பகுதியில் ஒரு நாயின் விவகாரத்தை எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். விடியற்காலையில் நமது நகரத்துத் தெருக்களில் நடந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு ஒரு நாய் என்று ஆகி வருகிறது. அவற்றில் எத்தனை நாய்கள் உலாவப் போகின்றன, எத்தனை நாய்கள் தரதரவென்று இழுத்துப் போகப்படுகின்றன என்று எண்ணிப் பார்த்தால், இது ஒரு வீட்டுச் சங்கதி மட்டும் அல்ல என்பது விளங்கும்.

வீரனுடைய பயத்துக்கு விதை போட்டது நாமேதான். வடகிழக்குப் பருவமழையில், நமது கட்டிடத்துக் கார் நிறுத்துமிடத்தின் மூலையில் ஆறு வாரக் குட்டியாக அகப்பட்டான். மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, "தடுப்பூசிகள் முடிகிற வரையில் தெருவில் இறக்காதீர்கள், பார்வோ நோய் வந்தால் குட்டி தப்புவது கஷ்டம்" என்றார். அது முற்றிலும் நியாயமான வார்த்தை. ஆனால் "தெருவில் இறக்காதீர்கள்" என்பதை, "உலகத்தையே காட்டாதீர்கள்" என்று நாம் பொருள் செய்துகொண்டோம். ஐந்து மாதம் வரையில் அவன் கண்டது நமது கூடமும், தாழ்வாரமும், நமது முகமுந்தான்.

அமெரிக்காவில் மேய்ன் மாகாணத்து பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், புல்லர் என்னும் இரண்டு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து, 1965-ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்கள். குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரையில் அதன் மனத்தின் கதவு திறந்திருக்கிறதென்பது அவர்கள் கண்ட உண்மைகளில் ஒன்று. அந்தக் காலத்தில் பழகியது எதுவோ அதுவே உலகம். பழகாதது பின்னால் பூதமாகத் தோன்றும். வீரன் தாயுடன் இருந்த ஆறு வாரம் போக, பாக்கி ஆறு வாரமும் நமது சோபாவுக்கு அடியில் கழிந்துவிட்டது. குட்டியைக் கீழே விடாமல் கையில் ஏந்திக்கொண்டு போய்த் தெருவைக் காட்டியிருக்கலாம். தடுப்பூசி போட்ட, சாதுவான ஒரு சிநேகிதர் வீட்டு நாயை வரவழைத்திருக்கலாம். இரண்டையும் நாம் செய்யவில்லை.

ஏழாவது மாதத்தில், முதல் முதலாக அடுத்த தெருவுக்கு அழைத்துப்போன சமயம், இரண்டு நாய்கள் பாய்ந்து வந்து அவனைச் சுவரோடு சேர்த்து மடக்கின. பின்னங்காலில் ஒரு கடி. காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினோம், ஊசி போட்டார்கள், பத்து நாளில் ஆறிவிட்டது. ஆறாமல் நின்றது இன்னொன்று.

அப்புறம் இரண்டு வருஷ காலம் நாம் செய்த வைத்தியங்களை எழுதுவதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அதட்டினோம். கயிற்றைச் சுண்டினோம். உறுமினால் மூக்கின் மேல் தட்டினோம். தெரு நாய்களைத் துரத்துவதற்காகக் குனிந்து கல் எடுப்பது போல் பாசாங்கு செய்தோம். அந்தப் பாஷை நமது தேசத்து நாய்கள் எல்லாவற்றுக்கும் தெரியும் அல்லவா? எதிரே இருந்த நாய் ஓடிற்று. நமது நாயும் ஓடப் பார்த்தது. அவனும் தெருவில் பிறந்தவன் என்பதை நாம் மறந்து போனோம்.

சிநேகிதர் ஒருவர் சொன்னார்: "நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளினால் தானே நீந்துவான். நாலு நாய்களுக்கு நடுவில் கொண்டு போய் விடுங்கள், பயம் தெளிந்துவிடும்." பெஸன்ட் நகர் கடற்கரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்துப் போனோம். நாலு நாய்கள் அல்ல, பத்துப் பன்னிரண்டு இருந்தன. வீரன் முதலில் நடுங்கினான். பிறகு நடுக்கம் நின்று மணலில் கல்லைப் போலக் கிடந்தான். நாயைச் சுற்றி வந்து நாய்கள் முகர்ந்தன. அவன் கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை. "பார்த்தீர்களா, பயம் தெளிந்துவிட்டது!" என்றார் சிநேகிதர். நாமும் நம்பினோம்.

மறுநாள் மாலை பேத்தி அவனைக் கீழே அழைத்துப் போனாள். வாசலிலிருந்து முப்பது அடி போயிருப்பாள். மதில் ஓரத்திலிருந்து ஒரு குட்டி நாய், சொல்லப்போனால் பூனையளவு நாய், எட்டிப் பார்த்தது. வீரன் பின்புறமாக ஓர் இழுப்பு இழுத்தான். கழுத்துப் பட்டை தலை வழியாகக் கழன்று வந்துவிட்டது. குழந்தை முழங்கால் சிராய்க்க விழுந்தாள். நாய் பஸ் போகிற பெரிய சாலையின் குறுக்கே ஓடிற்று. பஸ் டிரைவர் பிரேக் போட்டார் என்பதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

இரவு ஒன்பது மணிக்கு ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் அவனைக் கண்டுபிடித்துத் தூக்கி வந்தோம். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டு எஜமானி மெதுவாகத்தான் சொன்னாள்: "இதோ பாருங்க, இன்னைக்குக் குழந்தைக்கு முழங்காலோட போச்சு. நாயை மதுராந்தகத்துக்கு அனுப்பிடலாம். அங்க தோட்டம் இருக்கு, தெரு இல்லை." மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, பேத்தியின் முழங்காலுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். அவள் மௌனத்துக்கு அர்த்தம் தெரியாதவர்கள் அல்ல நாம். பேத்தி மட்டும் அழுதுகொண்டே, "தாத்தா, அவன் வேணும்னு செய்யல" என்றாள். ஒரு மாதம் தவணை வாங்கிக்கொண்டோம்.

நமது சகோதரியின் பேத்தி ஒருத்தி வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. அவளை வரவழைத்துக் கதையைச் சொன்னோம். கிணற்று உபமானத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"தாத்தா, கிணத்துல தள்ளினா நீச்சல் வரும்னு சொல்றது தள்ளினவர். உள்ளே விழுந்தவனை யாராவது கேட்டாங்களா? கடற்கரையில அவன் பயம் தெளிஞ்சு கிடக்கல. இனிமே என்ன செஞ்சாலும் பிரயோஜனம் இல்லைன்னு கிடந்தான்."

"நாம் கூப்பிட்டால் கூடத் திரும்பிப் பார்க்கவில்லையே, அம்மா. வீட்டில் 'உட்கார்' என்றால் உட்காருகிறவன்!"

"உங்களை மதிக்காம இல்ல, தாத்தா. பயத்துல படிச்சதெல்லாம் மறந்து போயிடும்."

அப்புறம் அவள் சொன்ன ஒரு சரித்திரம் நம்மை ஆச்சரியத்தில் ஆழ்த்திற்று. ருஷ்ய தேசத்து விஞ்ஞானி இவான் பாவ்லவைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஓர் ஓசையைக் கேட்கச் செய்து உடனே உணவு கொடுத்துக்கொண்டே வந்தால், நாளடைவில் ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் நாயின் வாயில் நீர் ஊறும் என்று காட்டியவர். 1924-ஆம் ஆண்டு செப்டம்பரில் லெனின்கிராட் நகரத்தில் பெருவெள்ளம் வந்தது. பாவ்லவின் நாய்க்கூடங்களில் தண்ணீர் ஏறிற்று. நாய்கள் கூரையை ஒட்டி மூக்கை நீட்டி நீந்திக்கொண்டிருந்தன. ஆட்கள் போய் அவற்றைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வாசல் வழியாக இழுத்துக் காப்பாற்றினார்கள். உயிர் பிழைத்தன. ஆனால் சில நாய்கள் அதுகாறும் கற்றிருந்தவற்றை எல்லாம் இழந்துவிட்டன. மெள்ள மெள்ளப் பழைய நிலைமைக்கு வந்த ஒரு நாயின் அறைக் கதவுக்கு அடியில், பரிசோதனைக்காகக் கொஞ்சம் தண்ணீர் கசிந்து வரும்படி செய்தார்கள். அவ்வளவுதான், மறுபடியும் கலங்கிப் போயிற்று.

அதே 1924-ல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் ஒரு பரிசோதனையின் விவரங்களை வெளியிட்டார். பீட்டர் என்று சுமார் மூன்று வயதுப் பையன். முயலைக் கண்டால் அலறுவான். அம்மையார் அவனை அதட்டவில்லை. முயலைக் கொண்டு போய் அவன் மடியில் போடவும் இல்லை. பையன் நாற்காலியில் உட்கார்ந்து தனக்குப் பிடித்ததைச் சாப்பிடுகிறபோது, முயல் கூண்டை அறையின் கோடியில், அவன் சாப்பாட்டை நிறுத்தாத தூரத்தில் வைத்தார். பிறகு ஒவ்வொரு தடவையும் சிறிது சிறிதாக அருகே நகர்த்தினார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்து, அது தன் விரலைக் கொறிக்கும்படி கூட விட்டான்.

"தூரம்தான் மருந்து, தாத்தா. எந்தத் தூரத்துல அவனால இன்னும் சாப்பிட முடியுதோ, அங்கதான் பாடசாலை. சாப்பாட்டை வேண்டாம்னா நீங்க கிட்டே வந்துட்டீங்கன்னு அர்த்தம்" என்றாள் அந்தப் பெண்.

மறுநாளே முதலில் கழுத்துப் பட்டையை மாற்றினோம். மார்பைச் சுற்றிக் கட்டுகிற பட்டை ஒன்று வாங்கினோம். அதிலிருந்து பின்புறமாகக் கழன்று வருவது சிரமம். அதோடு கழுத்துப் பட்டையிலிருந்தும் ஒரு சிறு கயிற்றை இணைத்துக்கொண்டோம். பயந்த நாய் உள்ளவர்கள் பாக்கியை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பொத்தானை அமுக்கினால் நீண்டுகொண்டே போகிற கயிற்றையும் அப்பாலே வைத்துவிட்டோம். ஆறடிச் சாதாரணக் கயிறே உத்தமம்.

அடுத்தபடியாகச் சாப்பாட்டுப் பிரச்னை. நமது வீடு சைவம். பனீர்த் துண்டு, காரட், வேர்க்கடலை எல்லாம் வீட்டுக்குள் வீரனுக்கு அமிர்தம். தெருவில் ஒரு நாயின் வால் தெரிந்ததும் அவை தூசு. வேகவைத்த கோழிதான் வேண்டும் என்றாள் பெண். வீட்டு எஜமானி சமையலறை வாசலில் நின்று நம்மைப் பார்த்த பார்வையை விவரிக்கப் போவதில்லை. தெருமுனை இஸ்திரிக்காரருடைய மனைவி நமது துயரத்தைக் கேட்டு, உப்பும் மசாலையும் இல்லாமல் வேகவைத்துத் தினம் ஒரு டப்பியில் கொடுக்க இசைந்தாள். வெங்காயம், திராட்சை, சாக்லெட் இவை மூன்றும் நாய்க்கு விஷம் என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறோம். அன்பு மிகுதியால் குழந்தைகள் கொடுத்துவிடுவது உண்டு.

அந்த இஸ்திரி வண்டிக்கு அடியில்தான் நமது ஆசிரியை படுத்திருந்தாள். பெயர் ராணி. வயதான பெண் நாய். காதின் ஓரத்தில் கத்தரித்த அடையாளம் உண்டு. கருத்தடை செய்து விடப்பட்ட நாய் என்பதற்கு அதுவே முத்திரை. மனிதர்கள், மாடுகள், மோட்டார்கள் எவை போனாலும் ராணி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்து மூடிக்கொள்வாள். இத்தகைய ஒரு நாய் அகப்படுவதே பாதி வெற்றி. புத்தகங்களில் எழுதியிருக்கிற முறைகளெல்லாம், எதிரே வருகிற நாயையும் யாரோ ஒருவர் கயிற்றில் பிடித்து வருவார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. நமது ஊரிலோ தெருவே நாய்களுடையது. அவற்றை வைத்துக்கொள்வதா அகற்றுவதா என்ற வழக்கு 2025-ல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அந்த வழக்கில் நாம் வக்காலத்து வாங்கப் போவதில்லை. கயிற்றைக் கையில் பிடித்தவன், இருக்கிற தெருவில்தானே நடந்தாக வேண்டும்?

முதல் வாரம் நமது கட்டிடத்து வாசற்கதவைத் தாண்டவே இல்லை. உள்ளே நின்றபடி எண்பது அடி தூரத்தில் ராணியைப் பார்ப்பது. வீரன் காது நிமிரப் பார்த்த அந்தக் கணத்தில் ஒரு துண்டு. மறுபடி பார்த்தால் இன்னொரு துண்டு. ராணி எழுந்து மறைந்துவிட்டால் டப்பி மூடப்படும். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அதற்கு மேல் இல்லை. அவன் இன்னும் சந்தோஷமாகத் தின்கிற போதே வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அதை நாம் தவறவிட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டோம். ஆரம்பத்தில், தூரத்தில் நாய் வருவதை நாம் முதலில் கண்டு, வீரன் பார்ப்பதற்கு முன்னமே அவசரமாகச் சட்டைப் பையில் கையை விட்டுத் துண்டை நீட்டினோம். நாலு நாளில் அவன் என்ன கற்றுக்கொண்டான் தெரியுமா? தாத்தாவின் கை பைக்குள் போனால் எங்கோ நாய் வருகிறது என்று கற்றுக்கொண்டான். மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை எடுத்தாலும் வால் உள்ளே போயிற்று! பாவ்லவ் முதலில் ஓசையைக் கேட்கச் செய்தார், பிறகுதான் உணவு. முன்னே நாய், பின்னே விருந்து. முறை மாறினால் விருந்தே அபசகுனம் ஆகிவிடும்.

இன்னொன்று கயிறு. நாயைக் கண்டதும் நமது கை தானாகவே இறுகுகிறது. நாம் அறியாமலே கயிற்றைக் குறுக்குகிறோம். நமது பயம் கயிற்றின் வழியாக இறங்கி அவன் மார்பில் போய்த் தட்டுகிறது. கையைத் தளர்த்தக் கற்றுக்கொள்வதற்கு வீரனுக்குப் பிடித்ததைவிட நமக்கு அதிக நாள் பிடித்தது.

இரண்டாவது வாரம் எழுபத்தைந்து அடி. அதற்கடுத்த வாரம் எழுபது. அதற்குள் அவனுடைய முகத்தைப் படிக்கப் பழகினோம். வாலும் பிடரி மயிரும் கடைசியில் பேசுகிறவை. அவற்றுக்கு முன்னாலேயே உதட்டை நக்குவான். தூக்கமில்லாத வேளையில் கொட்டாவி விடுவான். எதிரே உள்ளதைப் பாராதவன் போல் முகத்தைத் திருப்பித் தரையை முகர்வான். "தாத்தா, போதும்" என்று இவற்றுக்கு அர்த்தம். வீட்டுக்கு வருகிற விருந்தினர் கடிகாரத்தைப் பார்ப்பது போலத்தான். அந்த நேரத்தில் பத்தடி பின்னுக்கு வந்துவிடுவோம். அப்படியும் உறுமினால் அதட்டுவதில்லை. உறுமல் என்பது நாய் கொடுக்கிற நோட்டீஸ். நோட்டீஸ் கொடுத்ததற்காக அடித்தால், அடுத்த தடவை நோட்டீஸ் இல்லாமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

வெளியே நடக்கத் தொடங்கிய பிறகு, தெருவுக்கு ஒரு படமே போட்டோம். பேத்திதான் வரைந்தாள். பால் பூத்தருகே மூன்று நாய்கள். பொல்லாதவை அல்ல, ஆனால் விடியற்காலையில் விளையாட்டுப் பிடித்தவை. கோயில் குளத்துச் சந்தில் குட்டி போட்ட தாய். அந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாது. பதினோரு மணிக்கு மேல் எல்லா நாய்களும் கார்களுக்கு அடியில் தூங்கும். ஆனால் அந்த வெயிலில் தார் ரோடு வீரனுடைய பாதத்தைச் சுட்டுவிடும். ஆகையால் காலை ஏழரை மணி என்று முகூர்த்தம் வைத்தோம். திடீரென்று நாய் எதிர்ப்பட்டால் நின்றிருக்கும் காருக்குப் பின்னால் ஒதுங்குவது. இல்லாவிட்டால், "வா, போகலாம்" என்று குஷியாகச் சொல்லி வந்த வழியே திரும்புவது. இந்தத் திரும்பலை வீட்டுக்குள்ளேயே நூறு தடவை ஒத்திகை பார்த்தோம். தெருவில் நாம் அடிக்கடி இப்படிச் சட்டென்று திரும்பி ஓடுவதைக் கண்ட அண்டை வீட்டுக்காரர் ஒருவர், நாம் யாருக்கோ கடன் பட்டிருக்கிறோம் என்று முடிவு செய்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால், மிகப் பெரிய தடை வீரனுடைய பயம் அல்ல; நமது கௌரவம். நாலு பேர் பார்க்கிறார்களே, ஒரு நாயைத் தாண்டி நடத்திக்கொண்டு போகத் தெரியவில்லையே என்ற வெட்கத்தினால்தான் இரண்டு வருஷம் அவனை இழுத்தோம். நாய்க்காகத் திரும்பி நடப்பதில் அவமானம் ஒன்றுமில்லை என்று மனத்துக்குப் பட்ட அன்றுதான் வேலை நடக்க ஆரம்பித்தது.

தெரு நாய் ஒன்று நேரே நம்மை நோக்கி வந்துவிட்டால்? ஓடக் கூடாது, கல்லுக்குக் குனியவும் கூடாது. வீரனைப் பின்னால் விட்டு நாம் நடுவில் நின்றுகொண்டு, கைப்பிடி பிஸ்கட் துணுக்குகளை வருகிற நாயின் முன்னால் இறைப்போம். அது மூக்கைத் தரையில் வைத்துத் தேடுகிற நேரத்துக்குள் நாம் வளைந்து நடையைக் கட்டிவிடலாம். நாய்கள் கடித்துச் சண்டையிட்டால் நடுவில் கையை விடுவது பெரும் ஆபத்து. ஒரு பல் பட்டாலும், பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை.

ஒரு மாதத் தவணை முடிந்தபோது ராணிக்கும் வீரனுக்கும் இடையே அறுபத்தைந்து அடி இருந்தது. வீட்டு எஜமானி மாடியிலிருந்து பார்த்தாள். அவன் ராணியைப் பார்ப்பதும், உடனே திரும்பி நமது முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தான். "என்னமோ கணக்கு வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி இல்ல பாக்கறான்!" என்றாள். மதுராந்தகத்துப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

ஐந்தாவது மாதம் முப்பது அடிக்கு வந்திருந்தோம். அப்பொழுது ஒரு நாள், எதிர் வரிசை வீடொன்றின் இரும்புக் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து பெரிய நாய் ஒன்று பாய்ந்து வந்து, எஜமானர் ஓடி வருவதற்குள் வீரனைப் புரட்டித் தள்ளிவிட்டது. கடிக்கவில்லை, காயம் இல்லை. ஆனால் மறுநாள் வீரன் லிப்டுக்குள் வர மறுத்தான். ஐந்து மாதத்து உழைப்பு அரை நிமிஷத்தில் போயிற்று.

கால்நடைக் கல்லூரிப் பெண்ணுக்குப் போன் செய்தோம். அவள் பதற்றப்படவில்லை. பீட்டர் கதையில் முன்னே விட்டுப்போன ஒரு பகுதியைச் சொன்னாள். அந்தப் பையன் ஓரளவு தேறி வந்த சமயத்தில் ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தானாம். குணமாகித் திரும்புகையில், டாக்ஸியில் ஏறும்போது ஒரு பெரிய நாய் அவன் மேலும் நர்ஸின் மேலும் பாய்ந்ததாம். பையன் வெளிறிப் போய்ச் சாய்ந்துவிட்டான். பழைய பயம் முழுவதும் திரும்பி வந்தது. அதற்கு அப்புறந்தான் மேரி கவர் ஜோன்ஸ் அம்மையார் சாப்பாட்டையும் முயல் கூண்டையும் வைத்துக்கொண்டு அந்த வைத்தியத்தைத் தொடங்கினார்!

"எண்பது அடிக்குத் திரும்பிப் போங்க, தாத்தா. இந்தத் தடவை ஐந்து மாசம் ஆகாது" என்றாள். அப்படியே ஆயிற்று, ஏழு வாரத்தில் முப்பது அடிக்கு வந்து சேர்ந்தோம். எல்லா நாய்க்கும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டோம். எவ்வளவு தூரத்திலும் வாயைத் திறக்காத நாய்கள் உண்டு. அவற்றுக்கு மிருக வைத்தியர் பார்த்து மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அதில் குறைவு ஒன்றுமில்லை.

"எப்பொழுது மற்ற நாய்களோடு சிநேகமாக விளையாடப் போகிறான்?" என்று கடற்கரைச் சிநேகிதர் இப்பொழுதும் கேட்கிறார். தெருவில் போகிற எல்லாரோடுமா நாம் கை குலுக்குகிறோம்? ஒருவரையொருவர் பார்த்தும் பாராமல் கடந்து போவதற்குத்தான் தெரு. வீரனிடம் நாம் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

சென்ற மாதம் ஒரு காலையில் இஸ்திரி வண்டியைக் கடந்து போனோம். இடையில் எட்டடி இருக்கலாம். பேத்தி இரண்டாவது கயிற்றைப் பிடித்திருந்தாள். ராணி ஒரு கண்ணைத் திறந்தாள். வீரன் அவளைப் பார்த்தான், நின்றான், திரும்பி நம்மைப் பார்த்தான். பைக்குள் கையை விட்டோம். டப்பியை வீட்டு மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தோம். வீரன் சிறிது நேரம் காத்திருந்தான். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, நமக்கு முன்னால் நடக்கத் தொடங்கினான்.

இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கி நிறுத்தினார். "சார், பார்த்தீங்களா? பையன் வாலை இறக்கவே இல்லை" என்றார்.